அறுவரும் நலம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு திரையில் ஹால்வர் நிலையத்தின் பெட்டி பச்சையாக மாறியது.

மாறக் கூடாது. ஹால்வரில் ஆளே இல்லை. அங்கே இருந்த ஆறு பேரையும் மூன்று கிழமைக்கு முன்னர் பக்கத்து நிலையத்துக்காரர் வந்து பைகளில் போட்டுக் கொண்டுபோய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி ஒவ்வொரு நாளும் சிவப்பாகத்தான் கிடந்தது. சிவப்பைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்த யசோதரன், கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். ஒன்பதாவது மாடி அலுவலகக் கண்ணாடிக்கு வெளியே மெல்பேர்ணின் யூன் மழை சரிந்து பெய்துகொண்டிருந்தது. கீழே ட்ராம் மணி அடித்துப் போனது. பின்னால் யாரோ மைக்ரோவேவில் சூப் சூடாக்க, அந்த வாசனையும் ஈரக் கோட்டுகளின் வாசனையும் ஹீட்டர் காற்றில் ஒன்றாகச் சுற்றிவந்தன. எல்லாம் நேற்றுப் போலவே இருந்தது. அந்தப் பச்சையைத் தவிர.

அவனுடைய வேலை பெட்டி பார்ப்பது. தென்துருவப் பனியில் ஐந்து நாடுகளுக்குச் சொந்தமான பதினொரு நிலையங்கள். ஒவ்வொரு நாளும் மெல்பேர்ண் நேரம் காலை பத்து மணிக்குப் பதினொரு இடத்திலும் ஒரே நேரத்தில் ஒரு பலூனை விடுவார்கள். பலூனில் தொங்கும் சின்னக் கருவி மேலே போகப் போகக் குளிரையும் ஈரத்தையும் காற்றழுத்தத்தையும் அளந்து அனுப்பும். எண்கள் எல்லாம் இந்தக் கந்தோரின் ஒரே அட்டவணைக்கு வந்து சேரும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. வெளியே எவ்வளவு சண்டை பிடித்தாலும் வானத்தைப் பார்ப்பதில் நாங்கள் ஒற்றுமை என்று, ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ஐந்து கொடி வரைந்த கேக் வெட்டினார்கள். யசோதரனுக்கும் ஒரு துண்டு கிடைத்தது. ஓரத்துத் துண்டு, கொடி இல்லாதது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே விமானம் இறங்காது. தொலைபேசி நினைத்த நேரம் செத்துப்போகும். ஆகவே பலூன்தான் ஆட்கள் உயிரோடு இருப்பதற்கு அடையாளம். மத்தியானத்துக்குள் ஒரு நிலையத்தின் பெட்டி பச்சையாகாவிட்டால், பக்கத்து நிலையம், அது எந்த நாட்டுடையதானாலும், வண்டி எடுத்துக்கொண்டு தேடிப் புறப்படவேண்டும்.

நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் மாதத்திலேயே இணைப்பு பிந்தி, இரண்டு தரம் வண்டிகள் இருட்டில் எழுபது கிலோமீற்றர் போய், சுகமாக இருந்த ஆட்களைப் பார்த்துவிட்டுத் திரும்பின. நாடுகளுக்குள் முணுமுணுப்பு. அந்த முணுமுணுப்பு மேலிருந்து கீழே வந்து கடைசியில் மயூராவின் மேசையில் விழுந்தது. மயூரா அவனுடைய மேலாளர். மூன்று வயதில் இங்கே வந்து வளர்ந்தவள். அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணா, டேட்டா லேட்டா வரும்தானே? வந்தவுடனே மாத்திவிடலாம். அதுவரைக்கும் நேத்தைய நம்பரைக் கொஞ்சம் மாத்திப் போட்டுவிடுங்கோ. ரெட் வேண்டாம் அண்ணா, பிளீஸ்."

போட்டான். பத்தொன்பது தரம் போட்டான். பத்தொன்பது தரமும் பின்னேரத்துக்குள் உண்மையான எண்கள் வந்து சேர்ந்தன. இருபதாவது தரம் வரவில்லை.

இப்போது அந்தப் பச்சைப் பெட்டியைச் சொடுக்கித் திறந்தான். முதல் மூன்று வரிகளிலும் வெப்பநிலை: மைனஸ் முப்பத்தெட்டு தசம் நான்கு. மைனஸ் நாற்பத்தொன்று தசம் ஒன்று. மைனஸ் நாற்பத்தைந்து தசம் ஏழு.

தசமத்துக்குப் பின்னால் இருந்ததை மட்டும் மறுபடி வாசித்தான்.

நான்கு, ஒன்று, ஏழு. அது அவனுடைய எண். படகில் வந்து இறங்கியபோது கையில் கட்டிவிட்ட எண். முகாமில் இரண்டு வருடம் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாலு ஒன்று ஏழு என்றுதான் சாப்பாட்டுக்கும் கூப்பிட்டார்கள், மருந்துக்கும் கூப்பிட்டார்கள். பொய் எண் போடும்போது தசமத்துக்குப் பின்னால் என்ன போடுவது என்று யோசிக்கப் பஞ்சிப்பட்டு அவன் எப்போதும் அதையே போடுவான். அது அவனைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

கடைசியில் குறிப்பு வரி. ஹால்வரில் பலூன் விட்டவள், அந்த ஆறு பேரில் ஒருத்தி, இங்கா என்ற பெண். ஒவ்வொரு நாளும் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவாள். ஹால்வருக்கு அவன் பொய் எண் போட்ட கடைசி நான்கு நாளும் அவளுடைய பழைய வரி ஒன்றையே திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தான். இன்றும் அதே வரிதான் வந்திருந்தது.

*அறுவரும் நலம். காற்று இல்லை.*

மயூரா வந்து அவன் தோளுக்கு மேலால் பார்த்தாள். "பழைய ஃபைல் திரும்ப லூப்பாகி வருது போல. ஐடிக்குச் சொல்லுறன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணா, வியாழன் அஞ்சு மணிக்குள்ள விசாரணைக்கு ஸ்டேட்மென்ட் சைன் பண்ணித் தரவேணும். டேட்டா எல்லாம் ஸ்டேஷன்ல இருந்து தானா வந்ததெண்டு. வேற ஒண்டும் எழுதவேண்டாம்."

"வேற ஒண்டும் எழுதாட்டில் பொய்யாப் போயிடுமே, மயூரா?"

"உங்கட விசாக் கடிதம் இன்னும் எச்.ஆர். மேசையில கிடக்கு," என்றாள் அவள். கண்களை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். அந்தளவுக்கு அவளுக்கும் மனச்சாட்சி இருந்தது.

வந்து பதின்மூன்று வருடம், இன்னும் தற்காலிக விசா. நிரந்தர விசாவுக்குக் கந்தோர் தரவேண்டிய இந்தக் கடிதம் இல்லாமல் போனால் இன்னொரு பதின்மூன்று வருடம். அல்லது விமான நிலையம்.

நடந்தது இதுதான். நான்கு கிழமைக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை இரவு ஹால்வரின் மின்னாக்கி தீப்பிடித்தது. வானொலி, தொலைபேசி, பலூன் கொட்டில் எல்லாம் எரிந்தன. ஆறு பேரும் ஓடிப்போய் ஹீட்டர் இல்லாத அவசரக் குடிலுக்குள் ஒதுங்கினார்கள். செவ்வாய் காலை பெட்டி சிவப்பானது, யசோதரன் பச்சையாக்கினான். புதன், வியாழன், வெள்ளி, அப்படியே. வியாழனன்று பக்கத்து நிலையத்துக்காரன் ஒருவன் மின்னஞ்சலில் கேட்டான்: ஹால்வர் தொலைபேசி எடுக்குதில்லை, உங்களுக்குத் தரவு வருகிறதா? யசோதரன் ஒரே சொல்லில் பதில் போட்டான். வருகிறது.

சனிக்கிழமை அவனுக்கு லீவு. ஸ்பிரிங்வேல் சந்தையில் இறால் வாங்க வரிசையில் நின்றான். பெட்டியை மாற்ற ஆளில்லாததால் அது சிவப்பாகவே இருந்தது. மத்தியானம் வண்டி புறப்பட்டது. பதினொரு மணித்தியால ஓட்டம். அவ்வளவு கிட்டத்தில்தான் இருந்தார்கள்.

குடிலில் இங்காவின் குறிப்பேடு கிடைத்தது. விசாரணைக் கூட்டத்தில் அதை வாசித்தார்கள். முதல் நாள்: *வானொலி இல்லை, பரவாயில்லை. இன்று எங்கள் பலூன் ஏறவில்லை என்பதைப் பார்ப்பார்கள். நாங்கள் பேசாமல் இருப்பதே போதும், வருவார்கள்.* இரண்டாம் நாள்: *பிந்துகிறார்கள்.* நான்காம் நாள், எழுத்து கோணிப்போய்: *யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.*

புதன்கிழமை காலை யசோதரன் பத்து மணிக்கு முன்னரே திரையின் முன்னால் இருந்துவிட்டான். பத்து மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. தடித்த ரப்பரை ஈரக் கையால் நீவினால் வருகிற கீச்சுச் சத்தம். இழுத்து இழுத்து, நிதானமாக, ஒரு பெரிய பலூனில் காற்று நிரம்பும்போது சுருக்கங்களை யாரோ தடவி எடுத்துவிடுவது போல. கடதாசி வைக்கும் சின்ன அறையிலிருந்து வந்தது. எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். அடுக்கிய கடதாசி, பழைய கதிரை, டீசல் புகை மணம். சத்தம் நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது பெட்டி பச்சை.

*நால்வரும் நலம். காற்று இல்லை.*

இந்த முறை அவன் கண் இன்னொன்றில் விழுந்தது. பலூன் எங்கிருந்து விடப்பட்டது என்று ஒவ்வொரு செய்தியின் தலையிலும் இருக்கும். நேற்று அது தெற்கே எழுபத்துநான்கு பாகை. ஹால்வர் இருக்கும் இடம். இன்று அறுபத்தொன்று. அந்தத் திசையில் அறுபத்தொன்றில் நிலமே இல்லை. கடல் மட்டுந்தான்.

அன்று பின்னேரம் ரெயிலில் ஸ்பிரிங்வேலுக்கு வரும்போது வலது கையின் நடுவிரல் நுனி விறைத்திருப்பதைக் கவனித்தான். வீட்டில் சோறு பரிமாறிக்கொண்டிருந்த நிரூபா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். கை பிடித்துப் பார்ப்பது அவளுக்குப் பழக்கம்.

"இஞ்சாருங்கோ, என்ன கை இப்பிடி ஐஸாக் கிடக்கு? நுனியெல்லாம் வெள்ளையா வேற இருக்கு."

"வெளியில குளிர்."

"மற்றக் கை சூடாத்தானே இருக்கு?"

அவன் கையை இழுத்துக்கொண்டான். "நீர் சாப்பிடும்."

அவளுக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் அவனுடைய தம்பியின் திவசத்துக்குச் சமைத்துப் படைக்கிறவள். துஷாந்த் படகில் செத்தவன். எஞ்சின் நின்று, தண்ணீர் முடிந்து, கடலில் மிதந்தபோது, படகிலிருந்த ஒரே போனில் யசோதரன்தான் பேசினான். மறுமுனையில், எந்த நாட்டில், எந்தக் கந்தோரில் இருந்தவனோ, நீங்கள் இருக்கும் இடம் எங்களுக்குத் தெரியும், காத்திருங்கள் என்றான். மூன்று நாள் காத்திருந்தார்கள். துஷாந்த் தண்ணீர் கேட்டுக் கேட்டு மூன்றாம் நாள் விடியப் போனான். அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் படையலுக்குக் கற்பூரம் காட்டியதும் யசோதரன் அதே வார்த்தையைத்தான் சொல்வான். மற்றவர்கள் தேவாரம் படிப்பார்கள், அவன் திட்டுவான்.

"அந்தக் கந்தோரில இருந்து எங்களைப் பாக்காம விட்டவன்ர கை விறைச்சு அழுகவேணும். அவனும் கத்தவேணும், ஒருத்தரும் வரக்குடாது."

பன்னிரண்டு திவசத்துக்குப் பன்னிரண்டு தரம் சொல்லியிருக்கிறான். கலியாணத்துக்குப் பிறகு நிரூபா ஒவ்வொரு முறையும், ஓம் ஓம், இனிச் சாப்பிட வாங்கோ என்பாள்.

வியாழன். பத்து மணி. கீச்சுச் சத்தம் இப்போது அவனுடைய மேசைக்குக் கீழேயிருந்து வந்தது. குனிந்து பார்க்கவில்லை. கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டு, நாற்பத்திரண்டு வயது மனிதன், கந்தோர் நடுவில் குந்தியிருந்தான். பக்கத்து மேசைக்காரன் காதில் ஹெட்போனோடு தட்டிக்கொண்டிருந்தான். டீசல் மணம் தொண்டைக்குள் இறங்கியது.

தெற்கே நாற்பத்தொன்பது பாகை. அங்கும் கடல்தான். மெல்பேர்ண் இருப்பது முப்பத்தெட்டில். கடல் வழியே அனுமதி கேளாமல் வருகிறவர்களைப் பற்றி அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

*ஒருத்தி இருக்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?*

அன்று முழுக்க அவன் சொல்லிவிடத்தான் நினைத்தான். உண்மையாகத்தான் நினைத்தான். மத்தியானம் வெறும் தாள் ஒன்றை எடுத்து, நான்தான் நிரப்பினேன் என்று எழுதினான். அந்த இரண்டு சொல்லுக்கும் நெஞ்சிலிருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. மூன்று மணிக்கு அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். நாலரைக்கு மயூரா அச்சடித்த ஸ்டேட்மென்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதன் கீழே, வேண்டுமென்றே தெரியும்படி, விசாக் கடிதத்தின் பிரதியும் இருந்தது. அவனுடைய முழுப்பெயர். கீழே கையெழுத்துக்கு இடம்.

"செத்தவையைத் திருப்பிக் கொண்டுவர ஏலாது அண்ணா," என்றாள் மயூரா. அழுதிருந்தாள் போல, மூக்குச் சிவந்திருந்தது. "நீங்களும் நானும் உயிரோட இருக்கிறம்தானே."

கையெழுத்துப் போட்டான். பேனையை விரல் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தித்தான் கிறுக்கினான். பாலர் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப் போல வந்தது. சட்டைப்பைத் தாளை ரெயில் ஸ்டேஷன் குப்பைத்தொட்டியில் கிழித்துப் போட்டான். தூ, நீயும் ஒரு மனிசனா என்று தன்னையே கேட்டுக்கொண்டு ரெயில் ஏறினான்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று மயூராவுக்குச் செய்தி அனுப்பினான். நிரூபா காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பினாள்.

"போட்டு வாறன். பத்து மணிக்கு டீ பிரேக்கில மெசேஜ் போடுவன், பதில் போடுங்கோ. போடாட்டில் லீவு சொல்லிப்போட்டு நேர வீட்டை வந்திடுவன்."

"ஓம், ஓம். போட்டு வாரும்."

லப்டொப்பைத் திறக்கவே இல்லை. அதைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தான். குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் போனை வைத்துவிட்டு, சுடுதண்ணீரில் கையை ஊறவைத்தான். சூடே தெரியவில்லை. நாலு விரலும் மெழுகுத் திரி நிறத்தில் இருந்தன. வெளியே வெயில், யூன் மாதத்தில் அபூர்வமாக வரும் நல்ல மஞ்சள் வெயில், பக்கத்து வீட்டு வியட்நாமிய அன்ரி கீரைப் பாத்திக்குத் தண்ணீர் அடிக்கும் சத்தம், தூரத்தில் ரெயில் கேற் மணி, மேலே விமானம். இவ்வளவு வெளிச்சத்தில் என்ன வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

பத்து மணிக்குக் கராஜுக்குள் சத்தம் கேட்டது.

கீச். கீச்.

கராஜுக்குக் குசினியிலிருந்தே ஒரு கதவு. தீ தடுக்கும் கனத்த கதவு, நடுவில் கம்பிவலை பதித்த சின்னக் கண்ணாடி. போகாமல் இருக்கலாம். ஆனால் சத்தத்துக்கு இடையில் இன்னொன்றும் கேட்டது. ஒரு பெடியன் தண்ணீர் கேட்பது போல. தமிழில்.

போனான்.

அரிசிச் சாக்கு. சலவை இயந்திரம். நிரூபாவின் பழைய சைக்கிள். மேலே, கூரையோடு ஒட்டி, ஒரு பெரிய வெள்ளைப் பலூன். உறைபனி பூத்த ரப்பர். அது கூரையில் உராய்ந்து உராய்ந்து கீச்சிட்டது. அதிலிருந்து தொங்கிய நூல் அவன் முகத்துக்கு நேரே ஆடியது. நூலின் நுனியில் கருவி இல்லை. கையில் கட்டும் பிளாஸ்டிக் பட்டி. நாலு ஒன்று ஏழு.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பிக் கைபிடியைத் திருகினான். இப்போது இரண்டு கையிலும் விரல் வளையவில்லை. முழங்கையால் அழுத்தினான். கைபிடி உறைந்து இறுகியிருந்தது. வெளிக்கதவின் பொத்தானை அமத்தினான். மின்சாரம் இல்லை. மூச்சு வெள்ளையாக வந்தது. கத்தினான். வெளியே அன்ரி தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தாள். அவனுக்கு அவளுடைய செருப்புச் சத்தம்கூடக் கேட்டது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

குளிர். காதில். பல்லில். கண் இமையில்.

மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. போனில் வருவதெல்லாம் அதிலும் தெரியும். நிரூபா.

*சுகமே? காய்ச்சல் எப்பிடி?*

பதில் போடாவிட்டால் வருவாள். சொன்னாளே. பேசாமல் இருந்தால் போதும். அவன் பேசாமல் இருந்தால் போதும், அவள் வருவாள்.

கடிகாரம் மறுபடி அதிர்ந்தது. அவனுடைய போனிலிருந்து பதில் போயிருந்தது.

*நலம். காற்று இல்லை.*

கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தான். கன்னத்தோல் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. குசினிக் கதிரையில் முதுகைக் காட்டியபடி ஒருத்தி இருந்தாள். சிவப்புப் பனிக்கோட்டு, தோளெல்லாம் கரி. தலைத் தொப்பியிலிருந்து நீர் சொட்டவில்லை. அவ்வளவு வெயிலிலும் உறைபனி உருகவில்லை. மேசையில் அவனுடைய போன். அதன் மேல் ஒரு கறுத்த விரல்.

கடிகாரத்தை மூக்கால் அமத்தினான். நெற்றியால். உயிரில்லாத தோலைத் திரை கணக்கில் எடுக்கவில்லை.

"நிரூபா!"

*காற்றோ? என்ன விசர்க்கதை இது? பகலைக்கு வரட்டே?*

விரல் அசைந்தது. நிதானமாக. எழுத்து எழுத்தாக.

*வேண்டாம். இருவரும் நலம்.*

கதவை இடித்தான். கை கதவில் பட்ட சத்தம் விறகு பட்ட சத்தம். பின்னால் பலூன் கீச்சிட்டது. அதன் அடியில், இருட்டில், ஒரு பெடியன் மூக்கை உறிஞ்சினான்.

*ஆர் வந்திருக்கினம்? சரி, தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ. நான் டபுள் ஷிப்ட் எடுக்கிறன், ராவைக்குப் பிந்தும்.*

பிறகு ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

குசினியில் இருந்தவள் போனை மேசையில் நேராக வைத்தாள். இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, வேலையில் இருக்கும் ஆள் போல, அடுத்த செய்திக்காக அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.